கடைசி வண்டியில் தொங்கிய பலகை

பத்து வயதில் நான் ஈரோட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவே ஓடுகிற ரயில்களை முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்திருக்கிறேன். லூதியானாவில் தையல் வேலைக்குப் போயிருந்தபோது கூடத் தங்கியிருந்த பெண்களிடம் இதைச் சொன்னேன், சிரித்தார்கள். சூரத்தில் சொன்னேன், அங்கேயும் சிரித்தார்கள். ஏழாவதை முடிக்காத ஒருத்தி ரயிலை நிறுத்தினேன் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். எப்படி நிறுத்தினேன் என்று கேட்டால் சொல்வேன். ஏன் என்பதை மட்டும் சொன்னதில்லை. பொறாமையால் நிறுத்தினேன்.

நாங்கள் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள். பத்து வீடு ஒரே வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் ஏழாவது வீடு எங்களுடையது. பத்து வீட்டுக்கும் சேர்த்து ஒரு குழாய். அம்மா பனியன் கம்பெனியிலிருந்து துணிக் கட்டுகளைக் கொண்டுவந்து வீட்டிலேயே உட்கார்ந்து பிசிறு வெட்டுவாள். தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் சின்னக் கத்தரியால் நறுக்கி எடுக்கிற வேலை அது. கத்தரிச் சத்தம் இல்லாத அம்மாவை எனக்கு ஞாபகமில்லை. அப்பா மங்கலத்தில் தறி ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை வருவார், தூங்குவார், போய்விடுவார். எனக்கு நான்கு வயது இளையவன் தம்பி. வரிசைக்குப் பின்னால் ஒரு முள்வேலி, சாயத்தண்ணீர் இறங்கிக் கெட்டுப்போன ஒரு கிணறு, அதைத் தாண்டினால் தண்டவாளம்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கூட்ஸ் ரயிலில் கார்டாக இருந்தார். ஈரோட்டில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு. இப்போது அந்த வேலைக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர் வைத்துவிட்டார்களாம். சில கூட்ஸ் வண்டிகளில் ஆளே இல்லாமல் பின்னால் ஒரு மினுக்கு விளக்கை மட்டும் மாட்டி அனுப்புவதையும் பார்க்கிறேன். அப்போது எல்லா வண்டியிலும் ஆள் உண்டு. நாற்பது வேகன்களுக்குப் பின்னால், கடைசியில், ஒரு குட்டி வண்டி. அதில் தன்னந்தனியாக மாமா. மின்விசிறி கிடையாது. உட்கார ஒரு பலகை, கொடிகள், ஒரு டார்ச், ஒரு நோட்டு, ஒரு தண்ணீர்க் கேன், கழுத்தில் ஒரு விசில். எக்ஸ்பிரஸ் வந்தால் ஒதுங்க வேண்டும், பாசஞ்சர் வந்தாலும் ஒதுங்க வேண்டும். ஏறும்போது நேரம் தெரியும், இறங்குகிற நேரம் யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு மணி நேரம் என்று கிளம்பிப் பதினாறு மணி நேரம் கழித்து வீடு வந்த கதையை மாமா சிரித்துக்கொண்டே சொல்வார்.

எங்கள் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு சிக்னல் உண்டு. உள்ளே கூட்ஸ் ஷெட்டில் வேறொரு வண்டி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தால், அடுத்து வருகிற கூட்ஸை அந்தச் சிக்னலில் நிறுத்திவிடுவார்கள். வண்டிகளின் நீளம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், எஞ்சின் சிக்னலைப் பார்த்து நிற்கும்போது கடைசி வண்டி எங்கள் வரிசையின் பின்புறத்துக்கு வந்துவிடும். இருபது நிமிஷம் நிற்கும், சில நாள் ஒரு மணி நேரம். எங்கோ பஞ்சாபிலிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு வந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிற மாமாவுக்குச் சாப்பிட ஒன்றும் இருக்காது. அக்கா வீட்டுக் கொல்லையிலேயே வண்டி நிற்கும்போது அக்கா சும்மா இருப்பாளா? அப்படித்தான் சோறு கொடுத்தனுப்புகிற வழக்கம் ஆரம்பித்தது.

ஈரோட்டுப் பக்கம் கொஞ்ச தூரத்தில் ஒரு லெவல் கிராசிங். அங்கே இருந்த கேட்டுக்காரருக்கு மாமாவைப் பழக்கம். மாமாவின் வண்டி வருகிறது என்று போனில் தெரிந்தால், எங்கள் வரிசையைப் பார்த்துக் கையைத் தூக்கி, வாயில் சோறு அள்ளிப் போடுகிற மாதிரி சைகை காட்டுவார். அம்மா தூக்குவாளியில் சோறும் குழம்பும் போட்டு மூடுவாள். கொண்டுபோகிறவள் நான். அந்த வேலை என்னுடையது. வரிசையில் வேறு எந்தப் பிள்ளைக்கும் அப்படி ஒரு வேலை இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். வண்டி முழுக்க நின்று, மாமா பச்சைக்கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தபிறகுதான் கிட்டப் போகலாம். மேலேயிருந்து ஒரு கயிறு இறங்கும். முனையில் கொக்கி. தூக்கை மாட்டினால் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மாதிரி மாமா இழுத்துக்கொள்வார். என்னை மேலே ஏற்றியதே இல்லை. "சட்டம் மருமவளே, சட்டம்" என்பார். முறைக்கு அக்கா மகள் என்பதால் என்னை மருமவளே என்றும், தம்பியை மாப்ள என்றும் கூப்பிடுவார்.

கீழே நிற்கிற எனக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. வேகனில் எழுதியிருக்கிற நம்பரை வாசிக்கச் சொல்வார். பதினோரு எண். அப்புறம் ஆங்கில எழுத்துகள். வாசித்து முடித்தால்தான் தூக்கை மேலே இழுப்பார். ஒருநாள் ஏழு என்பதை ஒன்று என்று வாசித்துவிட்டேன். பசியோடு இருந்தவர் தூக்கைத் தொடாமல், "இன்னொருக்கா" என்றார். ஒன்பதாம் வாய்ப்பாடு கேட்டார். என் பெயரை ஆங்கிலத்தில் ஜல்லிக்கல்லால் வேகன் பலகையில் எழுதச் சொன்னார். எழுதினேன். அந்த வேகன் என் பெயரோடு எங்கெங்கோ போயிருக்கும்.

ஒருநாள் மாமா வேறொரு பலகையைக் காட்டினார். கடைசி வண்டியின் முதுகில் ஒரு கொக்கியில் தொங்குகிற மஞ்சள் தகரம். எல்.வி. என்று இரண்டு எழுத்து. லாஸ்ட் வெஹிக்கிள், கடைசி வண்டி என்பதன் சுருக்கம்.

"மருமவளே, இந்த வண்டியிலயே பெரிய ஆபீசர் யாரு, சொல்லு பாப்போம்."

"நீங்கதான்."

"நானா? நான் சும்மா ஒப்புக்கு. இந்தத் தகரந்தான் ஆபீசர். ஸ்டேஷன்ல நிக்கிறவன் எம்மூஞ்சிய எங்க பாக்கான்? இதத்தான் பாப்பான். இது வந்தா வண்டி முழுசா வந்துருச்சு. இது வரலன்னா, நடுவுல எங்கயோ அத்துக்கிட்டு பாதி வண்டி லைன்லயே கெடக்குன்னு அர்த்தம். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஒரு வண்டிய விடமாட்டான்."

"நீங்க நின்னு கொடி காட்டினாக்கூடவா?"

"நான் தலகீழா நின்னு காட்டினாலும்."

எல்லாம் தெரிந்துதான் செய்தேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மாமாவுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் குழந்தை இல்லை. அந்த வருஷம் பொங்கல் கழிந்து மாமாவும் அத்தையும் வீட்டுக்கு வந்தபோது, அத்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு பிள்ளைய எங்ககிட்ட குடுங்க மதினி, ஜூன்ல ரெயில்வே ஸ்கூல்ல சேத்துப் படிக்க வைக்கோம்" என்றாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். எந்தப் பிள்ளை என்ற பேச்சே வரவில்லை. எனக்கு அதில் சந்தேகமும் வரவில்லை. ஒன்பதாம் வாய்ப்பாடு சொல்கிறவள் நான், வேகன் நம்பர் வாசிக்கிறவள் நான், ஐந்தாவது முடிக்கப்போகிறவளும் நான். தம்பிக்கு இன்னும் மூக்கைச் சிந்தத் தெரியாது. ஈரோட்டுக் குவார்ட்டர்ஸில் மின்விசிறிக்குக் கீழே நான் படுத்திருக்கிற மாதிரி மனசுக்குள் ஒரு படம் வரைந்து வைத்துக்கொண்டேன். அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

பங்குனியில் அந்தப் படம் கலைய ஆரம்பித்தது.

முதலில் தூக்கு போனது. ஒருநாள் கேட்டுக்காரர் சைகை காட்டியதும் நான் வழக்கம்போலக் கையை நீட்ட, அம்மா தூக்கைத் தம்பியிடம் கொடுத்தாள்.

"இனிமே இவன் கொண்டு போகட்டும். நீ கூட நின்னு, எங்க நிக்கணும், எப்பிடி மாட்டணும்னு சொல்லிக் குடு."

"சிந்திருவான்."

"சிந்தினா சிந்தட்டும். படிச்சுக்கிடுவான்."

அவன் சிந்தினான். பாதிக் குழம்பு ஜல்லிக்கல்லுக்குப் போனது. நான் சிந்தியிருந்தால் அம்மா முதுகில் ஒன்று வைத்திருப்பாள். அவனை ஒன்றும் சொல்லவில்லை. மாமா மேலேயிருந்து, "மாப்ள, கல்லுக்கும் பசிக்கும்லா" என்று சிரித்தார். அவனிடம் நம்பர் வாசிக்கச் சொல்லவில்லை. வாய்ப்பாடு கேட்கவில்லை. பரீட்சை எனக்குத்தான். அவன் மேலே பார்த்துப் பல்லைக் காட்டினால் போதும், ஒரு கடலை மிட்டாய் கயிற்றில் இறங்கும்.

அடுத்தது என் டி.சி. ஐந்தாவது பரீட்சை முடிந்த மறுநாளே அம்மா பள்ளிக்கூடம் போய் அதை வாங்கி வந்து அரிசிப் பானைக்குக் கீழே வைத்தாள். எங்கள் வரிசையில் பெண்பிள்ளைக்கு டி.சி. வாங்கினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது வீட்டு அக்காவுக்கு அப்படித்தான் வாங்கினார்கள். அடுத்த வாரம் அவள் கம்பெனிக்குக் கைமடி வேலைக்குப் போய்விட்டாள். டெய்லர் பக்கத்தில் நின்று நாள் முழுக்கத் துணியை மடித்துக் கொடுக்கிற வேலை. ஆக, எனக்குக் கம்பெனி. தம்பிக்கு ஈரோடு. கணக்கு எனக்கு நன்றாக வரும். கூட்டிப் பார்த்தேன், வேறு விடை வரவில்லை.

அன்றிலிருந்து அவன் எதைச் செய்தாலும் எனக்கு எரிந்தது. அவன் தூங்குவதைப் பார்த்தால் எரிந்தது. அவனுக்கு முட்டையில் பெரிய துண்டு போனால் அளந்து பார்ப்பேன். அம்மா அவன் தலையைத் துவட்டுகிறபோது எத்தனை தடவை துவட்டுகிறாள் என்று எண்ணுவேன். அவன் ஒன்றும் தெரியாமல், "அக்கா, அக்கா" என்று என் பின்னாலேயே வருவான். அதற்கு இன்னும் எரிந்தது.

சித்திரையில் ஒருநாள் மத்தியானம். நல்ல வெயில். கேட்டுக்காரர் சைகை காட்டினார். தம்பி தூக்கை எடுத்துக்கொண்டான். நான் காலித் தூக்குப் போடுகிற துணிப்பையோடு அவன் பின்னால் போனேன். வண்டி வந்து நின்றது. கயிறு இறங்கவில்லை. மாமாவே கீழே இறங்கி வந்தார். தம்பியை இடுப்பில் கைகொடுத்துத் தூக்கி, வண்டிக்குள்ளே ஏற்றிவிட்டார்.

அந்த வண்டிக்குள்ளே. நான் இரண்டு வருஷமாகக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த வண்டிக்குள்ளே.

"மாமா, சட்டம்?" என்றேன்.

"இன்னைக்கு ஒருநாள் சட்டத்துக்கு லீவு. பிள்ளை ஆசப்படுதான். நீ அந்த வேகன் நம்பரை எழுதி வையி. இனிமே நீ எழுதத்தான் பழகணும்."

உள்ளே ஒரு பெட்டி தெரிந்தது. கார்டுகள் கொண்டுபோகிற கறுப்புப் பெட்டி மாதிரியே, ஆனால் சின்னதாக, புதுப் பெயிண்ட் வாசனையோடு. கார்டு பெட்டியில் முன்பக்கம் வெள்ளைப் பெயிண்டில் பெயர் எழுதியிருக்கும். கீழே நின்ற எனக்கு மூடியின் விளிம்பும், அதன்மேல் உட்கார்ந்து ஆட்டிக்கொண்டிருந்த தம்பியின் கால்களும்தான் தெரிந்தன. ஈரோட்டுக்குப் போகிறவனுக்குப் பெட்டியும் வந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

"இது யாருக்கு மாமா?" என்று தம்பி கேட்டான்.

"ஜூன்ல சொல்லுதேன்" என்று மாமா அவன் கன்னத்தைக் கிள்ளினார்.

நான் வேகன் பக்கம் போகவில்லை. வண்டியின் முதுகுப்பக்கம் போனேன். பலகை அதன் கொக்கியில் தொங்கியது. என் திட்டம் இதுதான்: பலகையை எடுத்துப் பைக்குள் ஒளித்துக்கொள்ள வேண்டியது. மாமா இறங்கிவந்து பார்ப்பார், பதறுவார். மேலே ஏறி விளையாடியவன் தம்பி. திட்டு அவனுக்கு விழும். அப்புறம் நான் தேடுகிற மாதிரித் தேடி, முள்ளுக்குள்ளிருந்து எடுத்து வந்து கொடுப்பேன். யாரை ஈரோட்டுக்குக் கூட்டிப்போனால் உதவும் என்று அப்போது மாமாவுக்குத் தெரியும். வண்டியின் முதுகில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு பஃபரைப் பிடித்து எம்பினேன். தகரம் கையைச் சுட்டது. பைக்குள் போட்டேன்.

இருபது நிமிஷம் நிற்கும் என்று நம்பியிருந்தேன். இரண்டு நிமிஷத்தில் எஞ்சின் ஊதியது. சிக்னல் விழுந்துவிட்டது.

மாமா அவசரமாகத் தம்பியை இறக்கினார். நாற்பது வேகனும் ஒன்றையொன்று இடித்து, இழுத்து, கடைசி வண்டியும் ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. மாமா கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டு பச்சைக்கொடியை விரித்தார். வண்டி மெதுவாகத்தான் போனது. கத்தியிருந்தால் கேட்கும். ஓடிப்போய்ப் பையை நீட்டியிருந்தால்கூட எட்டியிருக்கும். வாயைத் திறந்தும்விட்டேன்.

அப்போது பக்கத்தில் விசில் சத்தம் கேட்டது. மாமா கழுத்தில் எப்போதும் தொங்குகிற அந்த விசில், தம்பியின் கழுத்தில் தொங்கியது. கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினான்.

நான் வாயை மூடிக்கொண்டேன். மாமா எங்களைப் பார்த்துக் கொடியை ஆட்டினார். நான் கையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து பலகையைப் பனியன் வேஸ்ட் மூட்டைக்குள் சொருகினேன். கொஞ்ச நேரத்தில் லைன் அமைதியாகிவிட்டது. எங்கள் வரிசையில் ரயில் சத்தம்தான் கடிகாரம். ஒன்றரை மணி வண்டி வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை. பெண்கள் குழாயடியில், "என்ன இன்னைக்கு?" என்று கேட்டுக்கொண்டார்கள்.

அப்புறம் எதிர்த் தண்டவாளத்தில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு எக்ஸ்பிரஸ் வந்தது. அப்படி ஒரு ரயிலை நான் பார்த்ததே இல்லை. மாட்டுவண்டி மாதிரி ஊர்ந்து வந்தது. டிரைவர் ஒரு பக்கமும் அவருடைய உதவியாள் மறுபக்கமுமாக உடம்பில் பாதியை வெளியே நீட்டி, பக்கத்து லைனையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

"ஏம்மா, இங்க லைன்ல பெட்டி எதுவும் கழண்டு நிக்குதா?" என்று டிரைவர் கேட்டார்.

"இல்லையேண்ணே. ஒண்ணும் நிக்கலையே" என்றாள் அம்மா, கையில் கத்தரியோடு.

தம்பி அவரைப் பார்த்து விசில் ஊதினான். ஜன்னலில் இருந்த பயணிகள் சிரித்தார்கள். காணாமல் போகாத வேகன்களைத் தேடிக்கொண்டு அவ்வளவு பெரிய ரயில் என் வீட்டுக்குப் பின்னால் தவழ்ந்து போனது.

கேட்டுக்காரர் வேகமாக நடந்து வந்தார்.

"ஏனுங்க அக்கா, உங்க தம்பி வண்டி ஸ்டேசனுக்குள்ள போறப்ப எல்.வி. போர்டு இல்லீங்களாமா. ஸ்டேசன் மாஸ்டரு ரெண்டு பக்கமும் வண்டிய நிறுத்திப் போட்டாருங்க. என்ற கேட்டத் தாண்டறப்ப இருந்துச்சுங்க, ரெண்டு கண்ணுலயும் பாத்தேன். இங்கதான் எங்கியோ உளுந்திருக்கோணும்."

"உள்ள வந்து வேகனை எண்ணிப் பாத்தா முடிஞ்சுதே" என்றாள் அம்மா.

"எண்ணியாச்சுங்க, சரியா இருக்குதுங்க. ஆனா பின்னால நின்ன எக்ஸ்பிரஸ்ல பெரிய ஆபீசர் ஒருத்தரு வந்துட்டு இருந்தாருங்களாமா. அதுதானுங்க கெட்டுது." என்னைப் பார்த்தார். "கண்ணு, மஞ்சத் தகரம் ஒண்ணு எங்கியாச்சும் பாத்தியா?"

"இல்லைங்க."

"வா கண்ணு, சித்த தேடிப் பாக்கலாம். உங்க மாமனுக்கு வேலைக்கே கஷ்டமாப் போயிரும்."

அவரோடு தண்டவாளம் நெடுக நடந்து, கல்லுக்குள்ளும் முள்ளுக்குள்ளும் தேடினேன். அவரைவிட நன்றாகத் தேடினேன். வேலைக்கே கஷ்டம் என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. அப்போதாவது வீட்டுக்கு ஓடி எடுத்து வந்திருக்கலாம். எடுத்து வந்தால் தம்பிதான் நல்லவன் என்று முடிவாகிவிடும். நான் குனிந்து தேடிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலையில் அம்மா வேஸ்ட் மூட்டைக்குள் கையை விட்டாள். பலகையை வெளியே எடுத்தாள். அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தம்பியின் பக்கம் திரும்பவே இல்லை. எடுத்தது அவன் இல்லை என்று எப்படி உடனே தெரிந்ததோ. அடிக்கப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அம்மா பலகையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

மூன்று நாள் கழித்து மாமா பஸ்ஸில் வந்தார். கார்டு வேலையின் வெள்ளைச் சட்டை இல்லாமல் அவரைப் பார்த்து எனக்குப் பழக்கமில்லை. யாரோ மாதிரி இருந்தார். பலகையைக் கொக்கியில் சரியாக மாட்டாதது தன் தவறுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அம்மா பலகையை எடுத்து முன்னால் வைத்தாள்.

"இதக் கொண்டுபோய்க் குடுத்துரு. பிள்ள தெரியாம எடுத்துருச்சுன்னு சொல்லு."

"குடுத்தா எப்பிடி எடுத்துச்சுன்னு கேப்பான்க்கா. பிள்ளைகள வண்டிகிட்ட வரவிட்டது, ஏத்துனது எல்லாம் வெளிய வரும். அதுக்கு இதுவே தேவல."

என்னைக் கிட்டே கூப்பிட்டார். "எதுக்கு மருமவளே எடுத்த?"

"தம்பிக்கு மட்டும் விசில் குடுத்தீங்க. வண்டியில ஏத்துனீங்க. அவனத்தான ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போகப் போறீங்க?"

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா வாயைத் திறந்தாள்.

"விடுக்கா" என்றார் மாமா. "இப்பச் சொல்லி என்னாகப் போகுது."

எனக்கு நிம்மதியாக இருந்தது. என்னைத் திட்ட வேண்டாம் என்று சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

போகும்போது பலகையைக் கொல்லைக் கிணற்றில் போட்டார். அன்றைக்குத் தண்ணீர் ஊதா நிறம். மஞ்சள் தகரம் ஒரு தடவை புரண்டு உள்ளே போனது.

மாமாவுக்குச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். சென்னைக்கு அந்தப் பக்கம் மாற்றினார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அத்தை திண்டுக்கல்லில் அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். ஜூன் வந்தது. யாரும் ஈரோட்டுக்குப் போகவில்லை. என் டி.சி. அரிசிப் பானைக்குக் கீழேயே கிடந்தது. அப்பா அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். ஒரு வருஷம் அம்மாவோடு உட்கார்ந்து பிசிறு வெட்டினேன். பிறகு ஆறாவது சேர்ந்தேன், ஏழாவது பாதியில் நின்றேன். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு கம்பெனியில் கைமடி, அப்புறம் ஓவர்லாக் மெஷின், அப்புறம் எங்கே ஆள் கேட்டாலும் அங்கே. ஒரு ஊரில் இரண்டு வருஷத்துக்குமேல் எனக்குக் கால் தரிக்காது. இதில் பெரிய துயரம் ஒன்றும் இல்லை. எங்கள் வரிசையில் பாதிப் பிள்ளைகளின் கதை இதுதான். அவர்கள் யாரும் ரயிலை நிறுத்தவில்லை என்பது மட்டும் வித்தியாசம்.

பத்தொன்பது வயதில் லூதியானாவுக்குக் கிளம்பும்போது துணி வைக்க ஒரு பெட்டி வேண்டியிருந்தது. வீட்டில் இருந்தது ஒன்றுதான்: அன்றைக்கு மாமா வண்டியில் பார்த்த அந்தக் கறுப்புப் பெட்டி. அம்மா அதில் அரிசி போட்டு வைத்திருந்தாள். அரிசியைக் கொட்டிவிட்டு, சுவரோடு ஒட்டியிருந்த பக்கத்தை வெளியே திருப்பினேன். கார்டு பெட்டியில் எழுதுகிற மாதிரியே வெள்ளைப் பெயிண்டில், வரிசையாக, திருத்தமாக எழுதியிருந்தது. என் பெயர். அதற்குக் கீழே, ஆறாம் வகுப்பு. அதற்குக் கீழே, ஈரோடு.

அம்மா பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"முன்னாடியே சொன்னா நீ அவங்கிட்ட சொல்லிக் காட்டுவ. அவன் ஒன்ன விட்டுட்டு இருக்க மாட்டான், அழுது காய்ச்சல் வந்துரும். அதான் தூக்கு, விசில்னு குடுத்து அவனைப் பழக்கிக்கிட்டிருந்தோம்" என்றாள்.

அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்த நாள் நன்றாக ஞாபகமிருக்கிறது. மாமா ஊர் மாறிப் போனபிறகு, அவருடைய சிநேகிதர் ஒருவர், அவரும் கார்டுதான், அதே சிக்னலில் வண்டி நின்றபோது சாக்கில் சுற்றிய பெட்டியைக் கயிற்றில் கட்டி இறக்கினார். அம்மாவே போய் வாங்கி வந்தாள். என்னைத் தொடவிடவில்லை. சாக்கைப் பிரித்து, முன்பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, கத்தரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தம்பி ஓடிவந்து அதன்மேல் ஏறி, கால்களை ஆட்டிக்கொண்டு விசில் ஊதினான். எனக்கு அன்று மனசு நிறைந்திருந்தது. அவனைப் பிடித்துக் கீழே தள்ளினேன்.

"பெட்டி வந்து என்ன பண்ண? நீ ஈரோட்டுக்குப் போகலல்ல?" என்றேன்.

அவன் அழுதான். அம்மாவின் கத்தரிச் சத்தம் நின்றது. இப்போது திட்டுவாள் என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கத்தரி மறுபடி ஓட ஆரம்பித்தது. தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டு, தம்பி இறங்கிய இடத்தில் நான் ஏறி உட்கார்ந்தேன்.